ஐந்து புள்ளி ஒன்று

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, ஹவுசிங் போர்டு வீடு.
சித்திரைக் கடைசி. பதினோரு மணிக்கே
பையிலிருந்து எடுத்த ஆணி விரலைச் சுடுகிறது.
ஐம்பத்தைந்து அங்குல அட்டைப்பெட்டியைப்
படுக்க வைக்காதே, படுக்க வைக்காதே என்று
மினி லாரிக்காரனிடம் கத்தி முடித்து
நான் மாடி ஏறுவதற்குள்
எந்தச் சுவர் என்கிற சண்டை ஆரம்பித்திருந்தது.

ஜன்னலுக்கு எதிரே என்றார் கருணாமூர்த்தி.
அப்புறம் ஜன்னலைத்தான் பார்க்கணும் என்றாள் அமுதவல்லி.
அவள் சொன்னதுதான் சரி.
நான் வாயைத் திறக்கவில்லை.
சோபாவில் உட்கார்ந்து காட்டச் சொன்னேன்,
கண் வந்த உயரத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

முதல் துளையில் சிவப்புத் தூள். நல்ல செங்கல்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் டிரில் சட்டென்று உள்ளே போய்விட்டது,
பல் விழுந்த ஈறு மாதிரி. வெறும் மணல்.
கட்டின மேஸ்திரி அந்த வரியில் டீ குடிக்கப் போயிருப்பான்.
நாலு விரல் தள்ளி மறுபடியும்.
கீழே செய்தித்தாளை ஏந்தி நின்ற அமுதவல்லிக்கு
நெற்றி முடியெல்லாம் செம்மண்.

ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தபோதுதான்
அந்த வீட்டில் மற்ற எல்லாமே சாய்ந்திருப்பது தெரிந்தது.
காலண்டர், ஸ்விட்ச் போர்டு, கல்யாணப் படம்.
கருணாமூர்த்தி எழுந்து போய்
கல்யாணப் படத்தை மட்டும் நேராக்கினார்.

முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு,
மூலையில் சப்வூஃபர்.
ஒயர்கள் பட்டைக்குள் ஒளிந்தாயிற்று.
இனி அளக்க வேண்டும்.
சோபாவில் காது வரும் இடத்தில் மைக்கை நிறுத்திவிட்டு
எப்போதும் சொல்வதைச் சொன்னேன்:
நாலு நிமிஷம் யாரும் மூச்சுவிடக் கூடாது.

ஃபேனை நிறுத்தினோம்.
சத்தம் அதிகம் என்றது திரை.
ஃப்ரிட்ஜை நிறுத்தினோம்.
சத்தம் அதிகம்.
கீழ்வீட்டு மோட்டாரைக் கெஞ்சி நிறுத்தினோம்.
குக்கர் இறங்கியது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக்
கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
சட்டை முதுகில் ஒட்டியது.
பைபாஸ் லாரிகள்கூட நின்றுவிட்டாற்போல ஒரு கணம்.
சத்தம் அதிகம்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது,
உள் அறையிலிருந்து.
புஸ்... டக்.
புஸ்... டக்.

"அப்பா" என்றார் கருணாமூர்த்தி,
பில் கட்ட மறந்தவர் மாதிரி.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில்
முப்பத்தொரு வருஷம் சுண்ணாம்புக் குழியோரம் நின்றவர்.
ஆக்சிஜன் மெஷின்.

மேனுவலில் இதற்குப் பக்கம் இல்லை.
மைக்கைச் சுருட்டிவிட்டு டேப்பை எடுத்தேன்.
சோபாவுக்கு இரண்டு மீட்டர் எழுபது.
"கட்டிலுக்கு?" என்று கேட்டாள் அமுதவல்லி.
கதவு நிலையில் மடங்கி டேப் உள்ளே போனது.
ஐந்து மீட்டர் பத்து.
அந்த எண்ணைப் போடப் பெட்டியில் கட்டம் கிடையாது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

சோதனைக்கு ஒரு மழைக் காட்சி.
முதுகுப்பக்கம் இடி இறங்கி ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
எதிர்வீட்டுப் பையன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.
பதினெட்டுத் தவணையும் ஒரே நாளில் தீர்ந்த முகம்
கருணாமூர்த்திக்கு.

உள்ளேயிருந்து குரல் வந்தது,
பாதி மூச்சு, பாதி கோபம்:
"இன்னாடா இது, சத்தத்தைக் கொறைங்கடா.
எம் மெஷினு ஓடுதா நின்னுச்சான்னே தெரியல."

குறைத்தேன்.
நாற்பது. முப்பது. இருபத்தாறு.
இருபத்திரண்டில், கொட்டுகிற மழைக்கு நடுவே,
புஸ்... டக்.
"ஆங்" என்றார்.

அதற்குமேல் ஏறாதபடி பூட்டிவிட்டு
ரிமோட்டை அமுதவல்லியிடம் கொடுத்தேன்.
கீழே வந்து சாவிக்குக் கைவிட்டால்
பையில் ஒரு போல்ட் மிச்சம்.
நாலையும் முடுக்கினேனே என்று
வண்டியைக் கிளப்பாமல்
வெயிலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.