இரண்டு ஜோடி, ஒரு சுவர்

என் அறை பத்தடிக்கு எட்டரை.
கட்டில், மேசை, ஈர ஜெர்க்கின் தொங்கும் கதவு போக
காதுக்கென்று மிஞ்சுவது
ஒரு பாய் விரிக்கும் இடம்.

அதற்குள் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள்.
ஒன்று கறுப்பு, மூன்றரை அங்குலக் கோன்.
மற்றது தேக்கு நிறத்தாள் ஒட்டியது, ஐந்தே கால்.
ஏழு நாளுக்குள் ஒன்றைத் திருப்ப வேண்டும்.
ஆம்ப்ளிஃபையர் தனியாக வேண்டாமாம்,
வயிற்றுக்குள்ளேயே இருக்கிறதாம்.
வலதுபக்கத்தான் கரண்ட் குடித்து
இடதுபக்கத்தானுக்கு ஒரு வயரில் ஊட்டுகிறான்.

நான் குன்னூரில் தேயிலை ருசிபார்ப்பவன்.
காலையில் நூற்றிருபது கோப்பை:
உறிஞ்சு, நாக்கில் சுழற்று, துப்பு,
ஒரு வார்த்தை சொல், நகர்.
விழுங்கினால் தீர்ப்பு கெட்டது.
காதுக்குத் துப்பத் தெரியாது,
அதுதான் முதல் நாளே வந்த சிக்கல்.

ஆனாலும் முறை முறைதான்.
நாலின் மேலும் துவாலை போர்த்தினேன்.
(போர்த்தியவனும் நானே என்பதை
மறக்க முயன்றேன்.)
ஒரே அளவு சத்தம், ஒரே நாதஸ்வரம்,
ஒரே மூன்று நிமிடம்.
பெரியது தவிலின் தொப்பியை
மூலைக்குள் தள்ளி அங்கேயே ஊறவிட்டது,
அடுப்பில் மறந்த டிக்காஷன் மாதிரி.
நிறம் உண்டு, சுறுசுறுப்பு இல்லை.
முதுகுத் துளைகள் சுவரைப் பார்த்து ஊதுவதால் என்று
இரண்டிலும் காலுறை திணித்தேன்.
கொஞ்சம் அடங்கியது.
மறுநாள் வெறுங்காலில் ஷூ மாட்டி ஏலத்துக்குப் போனேன்.

சிறியதில் தவிலுக்கு எலும்பு மட்டும்.
ஆனால் சீவாளியை உதட்டில் வைக்குமுன்
அந்த மனிதர் மூக்கால் இழுத்த மூச்சு,
அது இருந்தது.
என் கால்மாட்டில் உட்கார்ந்து இழுத்ததுபோல.
இத்தனை வருடம் போனில் கேட்டவனுக்கு
அவர் மூச்சு விடுவார் என்றே தெரியாது.

நள்ளிரவில் ஒன்றும் ஓடாதபோது
அதே சிறியது இஸ்ஸென்றது.
தீக்குச்சி கிழிக்குமுன் காஸ் அடுப்பு விடும் சத்தம்,
தலையணையிலிருந்து இரண்டடியில்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
பின்சுவையில் லேசான புகை.

ஐப்பசி மழை தகரத்தில் இறங்கிவிட்டால்
இரண்டும் ஒன்று.
ஸ்டெபிலைசர் நடுநடுவே தொண்டை செருமும்.

ஆறாம் நாள் பிலோமினா கதவைத் தட்டினாள்.
பக்கத்து அறை. ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி.
பகலெல்லாம் என் சுவரின் மறுபக்கம்
தலைவைத்துத் தூங்குகிறவள்.
"எத்தனை பாட்டுப்பெட்டி சார் வாங்கினீங்க?
ஒண்ணு என் கட்டிலையே இடிச்சுது.
இன்னொண்ணு கொசு.
ஆனா ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் போட்டீங்களே,
அது நல்லாருந்துச்சு. நல்லாத் தூங்கினேன்.
அதையே வெச்சுக்குங்க."

ஞாயிறு மூன்று மணிக்குக்
காட்டேரிப் பக்கம் கம்பியில் மரம் விழுந்து
ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது.
நான் துவாலைகளைப் பார்த்தபடி
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஆகட்டும் சிஸ்டர்" என்றேன்.
வேறென்ன சொல்ல?
அவள் சொன்னதும் ஒரு தீர்ப்புதான்,
துவாலையைவிட நேர்மையான மறைப்பு
ஒன்பதங்குலச் சுவர்.

பெரியதை அட்டைப்பெட்டிக்குள் கட்டினேன்.
பர்லியாறில் மண் சரிந்து கூரியர் வண்டி வரவில்லை.
பெட்டி இப்போது ஸ்டூல்.
சிறியதைச் சுவரிலிருந்து பிரித்து
மேசை விளிம்புக்கு இழுத்தேன்,
அடியில் பழைய ஏலப் பட்டியல்கள் நான்கு,
ட்வீட்டர் காதுக்கு நேராக வரட்டும் என்று.

ஏழரைக்கு அவள் செருப்பு படியிறங்கியதும் போட்டேன்.
மூச்சு வந்தது.
நாதஸ்வரம் தொடங்குமுன் நிறுத்தி
மறுபடி மூச்சு.
மறுபடி.
ருசிபார்க்கிறவன் செய்யக்கூடாதது.

பனி கதவிடுக்கில் நுழைந்து
பாதத்தில் ஏறியபோதுதான் உறைத்தது,
காலுறைகள் பெட்டிக்குள்.
மூன்று சுற்று டேப் ஒட்டியாயிற்று.