இடது ஓரம்

சாயங்காலம் ஐந்துக்குக் கோரையாறு செவன்ஸ் இறங்கும்.
குவைத்தில் அப்போது இரண்டரை.
லுவாண்டாவில் பதினொன்றோ பன்னிரண்டரையோ,
விரலை மடக்கிப் பார்த்தால் பன்னிரண்டரை.
ஜெனரேட்டர் பழுதுபார்க்க எந்த ஊருக்கு அனுப்பினாலும்
இந்தக் கணக்குதான் முதலில்.
தொழுகை நேரத்தைச் செல்போன் சொல்லிவிடும்,
இதைச் சொல்லாது.

சேக்தாவூது கோட்டுக்கு வெளியே நின்று
போனைத் தூக்கிப் பிடிப்பான்.
படம் வராது.
பட்டுக்கோட்டை பஸ்ஸின் ஹாரன் வரும்,
கடலைக்காரன் வருவான்,
யாரோ ரெஃப்ரியின் பரம்பரையை விசாரிப்பது வரும்,
அப்புறம் ஒரு கூச்சல்.
போட்டோமா வாங்கினோமா என்று தெரிய
அரை நிமிடமாகும்.
பஸ்ராவில் அப்படியோர் அரை நிமிடத்தில்
ஸ்பேனரை நழுவவிட்டேன், ஃபோர்மேன் பாதத்தில்.
சமன் செய்திருந்தோம்.

பதினொரு வருடம்.
இப்போது ஆடுகிற ஏழு பேரில்
ஒருவனையும் நான் கண்ணால் கண்டதில்லை.
கோடையில் கோப்பை.
கம்பெனி லீவு தருவதோ ஐப்பசியில்.
ஐப்பசியில் மைதானத்துக்குப் பந்து வராது,
ஆறு வரும்.

இந்த வருடமும் இறங்கிய மறுநாள் போனேன்.
முழங்காலுக்கு மேல் தண்ணீர்.
கோல் கம்பத்தின் மேல்கட்டையில் ஒரு நாரை,
நம் கோலி மரியதாஸைவிட நிதானமானது.
கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு
பெனால்டி புள்ளி இருக்கும் இடத்துக்கு
உத்தேசமாக நடந்தேன்.
கெளுத்தி முள் குத்தியது.
நாற்பத்து மூன்று வயசுக்கு இது தேவைதான்.

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில்
ஜெராக்ஸ் கடையில் ஒதுங்கினேன், தூறல்.
பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட்டோடு ஒரு பையன்.
பாரமெல்லாம் வலது காலில்,
இடது முழங்காலை யாருக்கோ வாக்குக் கொடுத்தவன்போல
பத்திரமாக வைத்து நின்றான்.
“நிஃமத்து, மூணு காப்பியா நாலா?” என்றார் கடைக்காரர்.

இவனா.
திருத்துறைப்பூண்டிக்காரர்கள் மூன்று பேரை
மூலைக்கொடி ஓரத்தில் வரிசையாக உட்காரவைத்தவன்.
அந்த முழங்காலைப் படம்பிடிக்கத் தஞ்சாவூருக்கு அனுப்ப
ஐந்து தேசத்திலிருந்து பதினாறு பேர் பணம் போட்டோம்.
அவனுக்கு என்னைத் தெரியாது.
எனக்கோ அவன் தசைநாரின் பெயர்கூடத் தெரியும்.
இவ்வளவு ஒல்லி என்று
போனில் யாரும் சொன்னதில்லை.

“சபுராளியா காக்கா?”
என் வாட்சைப் பார்த்துக் கேட்டான்.
“குவைத்து.”
“நானும் அங்கதான். மாசக் கடைசி. டிரைவர் விசா.”
“வண்டி ஓட்டுவியா?”
“அங்க போயிப் பழகிக்கலாம்னாங்க.”
கொஞ்சம் பொறுத்து,
“அங்க கிரவுண்டு இருக்குமா காக்கா?”

வாய்வரை ஒன்று வந்தது:
மெடிக்கலில் முழங்காலைப் பார்த்தால் திருப்பி அனுப்புவான்,
போகாதே.
பாதி உண்மைதான்.
ஆனால் அது அவனுக்கான உண்மை இல்லை,
வருகிற மே மாதத்துக்கானது,
எங்கேயோ ஓர் எஞ்சினடியில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கப்போகும் எனக்கானது.
அவன் எத்தனை கோல் என்று தெரியும்,
வீட்டில் எத்தனை வாய் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

“இருக்கு” என்றேன்.
“வெள்ளிக்கிழமை விடியல்ல, கேம்புக்குப் பின்னாடி.
சரளைக்கல்லு. ஸ்டட்டு வேணாம்.”
“நீங்க ஆடுவீங்களா?”
“பார்ப்பேன்.”
மெஷினிலிருந்து சூடாக வந்துகொண்டிருந்தான்,
நான்கு முறை, முகம் கறுத்து.

ராத்திரி சேக்தாவூதிடம் சொன்னேன்.
அவனுக்கு முன்னமே தெரியும்போல.
இடது ஓரத்துக்கு இனி யார் என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
ஓட்டில் மழை சடசடத்தது.
“அங்க எத்தன மணிக்கு ஆடுவானுவ?”
மடக்கினேன். ஆறுக்கு.
இங்கே எட்டரை.
“சரி” என்றான்,
“போனக் கொஞ்சம் உசத்திப் புடி.”