உந்தி

பள்ளிப்பட்டுக்கு வடக்கே, ராமநேரிக்குப்பத்தில்,
எல்லைக்கோடு வீட்டுக்குள் நுழைந்து போகிறது.
தறி தமிழ்நாட்டுக்கு. அடுப்பு ஆந்திராவுக்கு.
இடையில் ஒரு நிலைப்படி,
அதில் பூனை படுத்திருக்கும், யாருக்கும் கணக்கில்லாமல்.

நான் கணக்கெடுக்க வந்தவள்.
நாளுக்கு அறுநூற்றைம்பது, பேருந்துக் கட்டணம் தனி.
தோளில் உயரம் பார்க்கும் பலகை, கையில் டேப்லெட்,
அதற்குள் பதினேழு இலக்குகள்
சக்கரமாகச் சுற்றி நிற்கின்றன.
முன்னேறிய கட்டம் பச்சை, பின்தங்கியது சிவப்பு.
இரண்டாயிரத்து முப்பதுக்குள்
எல்லாம் பச்சையாகிவிட வேண்டுமாம்.
ஆற்றுக்குள் வேலிக்காத்தான் மட்டும்
இப்போதே ஆகிவிட்டது.

பதினான்காம் வீடு. முனெம்மா.
தறியை நிறுத்தாமல் பேசினாள்,
நிறுத்தினால் சேலைக்கு நேரம் தப்பும்.
சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன்.

வீட்டு வளாகத்தில் குழாய் உண்டா?
"உந்தி."
தண்ணீர் வருமா?
"நீள்ளு ராவு."
என் படிவத்தில் குழாய்க்கு ஒரு கட்டம் இருக்கிறது.
தண்ணீருக்கு அடுத்த சுற்றில் சேர்ப்பார்களாம்.
கழிப்பறை?
"உந்தி."
எட்டிப் பார்த்தேன். வீட்டிலேயே ஒழுகாத இடம் அதுதான்,
நூல் மூட்டைகள் நனையாமல் இருந்தன.
வங்கிக் கணக்கு? உந்தி.
எரிவாயு இணைப்பு? உந்தி,
சிலிண்டர் போன உகாதிக்கு வாங்கியது.

நான் படித்தது தமிழ் இலக்கியம், தபால் வழியில்.
அவள் "இருக்கிறது" "இருக்கிறது" என்று சொல்லச் சொல்ல
எனக்கு வயிறு, வயிறு என்றே கேட்டது.
பயிற்சி வகுப்பில் இதற்குக் குறியீடு தரவில்லை.
தெரியாது என்றால் தொண்ணூற்றெட்டு.
சொல்ல மறுத்தால் தொண்ணூற்றேழு.

பிறகு தேஜஸ்வினியைப் பலகையில் நிறுத்தினோம்.
மூன்று வயதும் இரண்டு மாதமும்.
"பெரிய பிள்ளையாட்டம் நில்லு" என்றதும்
குதிகாலைத் தூக்கிக்கொண்டாள்.
இரண்டு பாதத்தையும் அழுத்திப் பிடித்தேன்.
எண்பத்தேழு புள்ளி நான்கு.
சிவப்பு.
தூக்கிய குதிகாலோடு எடுத்திருந்தால்
அவளும் பச்சை.

எண் ஏறிய உடனே போன் வந்தது.
சூப்பர்வைசர் தணிகைவேலன், திருவள்ளூரிலிருந்து.
"பிள்ளையை எங்கே வைத்து அளந்தாய்?"
தறிக்குப் பக்கத்தில் சார், வெளிச்சம் அங்கேதான்.
"நாலடி பின்னால் போய்
இன்னொரு தடவை அளந்துவிடேன்.
நம் மாவட்டத்தில் ஏற்கெனவே நிறையச் சிவப்பு."

அடுத்த மாதம் நகரிப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி வருவாள்.
அவளுக்கும் ஒரு பலகை இருக்கும்,
போனில் ஒரு சூப்பர்வைசர் இருப்பார்.
நாலடி முன்னால், என்பார்.
தேஜஸ்வினி நிலைப்படியைத் தாண்டித் தாண்டி
நடந்துகொண்டிருப்பாள்,
பூனையை மிதிக்காமல்.

நான் பின்னால் போகவில்லை.
நேர்மை என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.
அடுப்படிச் சுவர் கோணல், பலகை நிற்காது.

சேமி என்று அழுத்தினேன். சிக்னல் இல்லை.
தெருமுனை வரை நடந்து கையை உயர்த்திப் பிடித்தேன்.
ஆந்திரப் பிரதேசம் உங்களை அன்புடன் வரவேற்கிறது
என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.
வரைபடத்தில் அந்த வீட்டின் புள்ளி
ஒருமுறை துடித்தது,
அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது,
அனுப்பப்பட்டது என்றது.
எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்லவில்லை.

முனெம்மா கடைசியாகக் கேட்ட கேள்வி
என் படிவத்தில் கிடையாது:
"உங்கள் வீட்டில் யார் வந்து கேட்டார்கள்?"
என் வீடு மாதிரியில் விழவில்லை, அம்மா.
அதிர்ஷ்டக்காரி என்றாளா, ஐயோ என்றாளா,
தறி விழுங்கிவிட்டது.

பதினோராம் இலக்கில் ஒன்று பாக்கி.
ஐந்நூறு மீட்டருக்குள் பேருந்து நிறுத்தம் உண்டா?
உந்தி.
நிழற்குடைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்,
நாலே முக்காலிலிருந்து.