பின்பக்கம்

மூன்று நாளாய் ஒரு வரிகூட எழுதவில்லை.
எதுவும் நின்றுவிடவில்லை.
சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
மெஷின் வழக்கம்போல் சூடேறியது,
வழக்கம்போல் இரண்டு தாளை மென்று துப்பியது.

பாழான நகலை நான் எறிவதில்லை.
ஒரு பக்கம் எவருடையதோ வாடகை ஒப்பந்தம்,
பாதியில் மை குடித்துக் கறுத்திருக்கும்.
மறுபக்கம் வெறுமை. அது என் பாகம்.
பாகப்பிரிவினைக்கு இதுவரை யாரும் வரவில்லை.

எழுதுவது என்னவென்றால், இதோ, இப்படி:
பதினெட்டு கே இன்றைக்குச் சீக்கிரம், நான் லேட்.
மழைக்கு ஒதுங்கும் புறா மட்டும் ஏன்
கடன் வாங்கினவன் மாதிரி முழிக்கிறது.
பறக்கும் ரயில் பறப்பதில்லை,
யாரும் அதைக் கேட்பதும் இல்லை.
தேங்காய் முப்பத்தெட்டு ரூபாய்.
‘ஒரிஜினல் கொண்டு வாங்க’ என்று
நாற்பது முறை சொல்லியிருப்பேன் இன்று.
வீட்டுக்கு நடக்கும்போது
என் ஒரிஜினல் எங்கே என்று கேட்டுக்கொண்டேன்.
உடனே சிரிப்பு வந்தது.
அடிக்கவில்லை, இருக்கட்டும்.

சில நாள் இதுவும் இருக்காது.
‘இன்று ஒன்றுமில்லை’ என்று எழுதிவைப்பேன்,
பால் வராத நாளிலும் அடிக்கிண்ணத்தில்
ஒரு கரண்டி உறைமோர் ஒதுக்குவதுபோல.
நாளைக்குத் தோய ஏதாவது வேண்டுமே.

பக்கத்துக் கடை தனசீலி
பத்திரத்தாள் எண்ணியபடி கேட்பாள்:
“எவ படிக்கப்போறா இதெல்லாம்?”
“யாராச்சும் குடிப்பாங்கன்னா அடையாறு ஓடுது?”
பேச்சுக்குச் சொன்னதுதான்.
ஆனால் அந்த டிசம்பரில் அடையாறு
கடைக்குள்ளேயே வந்து
என் முதல் நான்கு வருஷத்தையும்
அரிசிப்பையோடு தூக்கிக்கொண்டு போயிற்று.
படித்ததோ என்னவோ. திருப்பித் தரவில்லை.
வடிந்த பிறகு எழுதிய முதல் வரி:
‘சுவரில் தண்ணீர்க்கோடு
என் உச்சந்தலைக்கு இரண்டு விரல் மேலே.’
இப்போது அதன்மேல் விலைப்பட்டியல் ஒட்டியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை,
கரண்ட் போய்ப் போய் வந்த குழப்பத்தில்,
என் தாள் ஒன்று யாருடைய பிரமாணப் பத்திரத்திலோ புகுந்து,
பின் அடிக்கப்பட்டு, நாடா கட்டப்பட்டு,
கோர்ட் மாடி ஏறிவிட்டது.
பக்கம் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
என் கோழிக்கிறுக்கல்:
‘கை கழுவும்போது மோதிரம் நழுவுகிறது.
நான் இளைக்கிறேனா, இல்லை
அதற்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா.’

திங்கட்கிழமை சேதி வந்தது. யாரோ சத்தமாகவே படித்தார்களாம்.
காது சுட்டது.
மொத்தத்தையும் கட்டிப் பழைய பேப்பருக்குப் போட்டால்
எத்தனை கிலோ தேறும் என்று
மனசுக்குள் தராசு பிடித்துப் பார்த்தேன்.
ஒரு மிக்சி ஜாருக்குக்கூட வராது.

இன்று வியாழன்.
குமாஸ்தா ஏகாம்பரம் வந்து நின்றார்,
அக்குளில் கட்டு, நெற்றியில் கர்ச்சீப்.
நாலாய் மடித்த தாளைக் கண்ணாடிமேல் வைத்தார்.
திட்டு வருகிறது என்று தலை குனிந்துகொண்டேன்.
அவர் எடுக்க வேண்டிய நகலை எடுத்தார்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்,
படியிறங்கினவர் திரும்பி,
தன்னுடைய கடுதாசியைத் தானே பிரித்துவிட்டவர்போலக் கூச்சத்துடன்,
“அந்த மோதிரம் என்னாச்சும்மா?”

என்ன பதில் சொன்னேன், ஞாபகமில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு தாளைத் திருப்பினேன்.

நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். சிவப்பு நூல்.
இப்போதைக்கு நழுவவில்லை.
அப்புறம், ஏசிப் பெட்டிக்கு அடியில்
புறா குஞ்சு பொரித்திருக்கிறது,
பார்க்க அழகாக இல்லை.
தேங்காய் நாற்பது.