அறுபது விழுக்காடு

வாக்குச்சாவடி எங்கள் உடற்பயிற்சிக் கூடம்தான்.
செவ்வாயன்று காலையிலிருந்தே மழை.
ஒழுகும் கூரைக்கடியில்
வாளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து
வரிசையில் நின்று,
கூரைக்குப் பணம் வேண்டாமென்று
வாக்களித்துவிட்டுப் போனது ஊர்.

ஊர் என்று மொத்தமாய்ச் சொல்வது தப்பு.
வந்தவர்கள் நானூறு பேர்.
இருநூற்று இருபத்தெட்டுப் பேர் வேண்டும் என்றார்கள்.
ஓக்லஹோமாவில் பள்ளிக்கடன் தேற
நூற்றுக்கு அறுபது வேண்டும்.
எங்களுக்கு ஐம்பத்தேழு.

வெள்ளிக்கிழமையை இழந்து மூன்று வருடமாகிறது.
பேருந்துக்கு டீசல், வகுப்புக்கு மின்சாரம்,
சமையல்காரருக்குக் கூலி,
எல்லாம் மிச்சமாகும் என்றது சுற்றறிக்கை.
மிச்சமானதில் ஒரு மதிய உணவும் உண்டு.
அதை யாரும் எழுதவில்லை.
திங்கள் காலை இரண்டாம் தடவை
தட்டை நீட்டுகிறாள் ஒரேலியா.
கண்ணைத் தட்டிலேயே வைத்திருக்கிறாள்.

அந்த வெள்ளிகளில் நான்
நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கிறேன்.
சிவப்புச் சட்டை.
நெஞ்சில் லோர்னா என்று ஒரு பட்டை.
என் மாணவர்கள் வருவார்கள்.
மிஸ் டீக் என்று வாயெடுத்து,
பட்டையைப் பார்த்து,
பேசாமல் சில்லறையை வைத்துவிட்டுப் போவார்கள்.

இசை ஆசிரியை டெக்சாஸுக்குப் போய்விட்டாள்.
நாற்பது மைல்தான், சம்பளம் வேறு.
பியானோவின் மேல் இப்போது காகிதத் துண்டுக் கட்டுகள்.
இயற்பியல் எடுப்பவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர்.
மாணவர்களைவிட ஒரு பாடம் முந்தி இருக்கிறார்,
போட்டி இருக்கும் வாரங்களில் அதுவும் இல்லை.

வியாழக்கிழமை விழுக்காடு நடத்தினேன்.
திட்டமிட்டது வேறு கணக்கு: தள்ளுபடி விலையில் ஒரு சைக்கிள்.
அதை அழித்துவிட்டு
228 / 400 என்று எழுதினேன்.
யாரும் கைபேசியைத் தொடவில்லை.

"ஐம்பத்தேழு வாங்கினால்
நீங்கள் எங்களுக்கு ஃபெயில்தானே போடுவீர்கள்?"
கோல்பி கேட்டான்.
"ஆமாம்."
"அப்படியானால் ஃபெயிலானது யார்? நாங்களா, அவர்களா?"

பதில் தெரியாதபோது
சாக்பீஸைத் தேடுவது என் வழக்கம்.
தேடினேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எண்ணத் தொடங்கினாள்:
அடுத்த வாக்கெடுப்புக்குள்
பதினெட்டு நிரம்புகிறவர்கள் இந்த அறையில் ஏழு பேர்.
ஏழையும் கூட்டினோம், மேலேயும் கீழேயும்.
ஐம்பத்தேழே முக்கால்கூட வரவில்லை.
குறைவது பன்னிரண்டு ஓட்டுதானே,
ஏன் வரவில்லை என்று சண்டை வந்தது.
இந்த வருடம் என் வகுப்பில் வந்த முதல் சண்டை அது,
நான் தடுக்கவில்லை.
அரைமணி நேரம் பென்சில்கள் ஓடின.

ஒரேலியாதான் கண்டுபிடித்தாள்.
புதிய ஆட்களைக் கொண்டுவந்தால் முப்பது பேர் வேண்டும்.
வேண்டாம் என்றவர்கள் மனம் மாறினால்
பன்னிரண்டே போதும்.

மழை விட்டிருந்தது.
கூரை மட்டும் இன்னும் விடவில்லை.
நடைவழி வாளியில் ஒரு சொட்டு,
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

கோல்பி எழுந்து பலகைக்கு வந்தான்.
ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எண் போட்டான்.
ஒன்றுக்கு எதிரே
தன் அப்பாவின் பெயரை எழுதினான்.
கூட்டெழுத்து, நிதானமான கை.
பிறகு பேருந்து வந்தது.

மறுநாள் வெள்ளி.
மூன்றாம் பம்பில்
டுவைட் ஹாஸ்கின்ஸின் சேறு படிந்த டிரக்.
உள்ளே வந்தார்.
ஒரு காபி, அறுபது டாலருக்கு டீசல்.
என் பட்டையைப் பார்த்தார்,
முகத்தைப் பார்த்தார்,
நூறு டாலர் தாளை நீட்டினார்.

மிச்சத்தை
ஒவ்வொரு தாளாக எண்ணிக் கையில் வைத்தேன்.
அவருக்குப் பின்னால் வரிசையில் யாருமில்லை.
"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்," என்றேன்,
"உங்களுக்கு ஒரு நிமிஷம் இருக்குமா?"