மோப்பம்

துரான் பாலத்தில் பேருந்து நின்றுவிட்டால்
இரண்டு அத்தியாயம் நிச்சயம்.
கீழே குயாஸ் ஆறு
காலையில் கடல்பக்கம் இழுத்துப்போன ஆகாயத்தாமரையை
மாலையில் ஊருக்குள் திருப்பிக் கொண்டுவருகிறது.

நாவலில் கொள்ளைநோய் ஓய்ந்து பதினோரு மாதம்.
கடைவாசல்களில் இடைவெளி வட்டங்கள்
பாதி உரிந்து கிடக்கின்றன.
செத்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர்.
துப்பறிய வந்த இன்ஸ்பெக்டர் சால்தரியாகாவுக்கு
மோப்பம் கிடையாது.
காய்ச்சல் வாங்கிக்கொண்டு போனது, திருப்பித் தரவில்லை.
மேலதிகாரிக்குத் தெரியாது. மனைவிக்கும்.
பிணம் கிடக்கும் அறைக்குள் நுழைந்ததும்
அவர் பார்ப்பது பிணத்தை அல்ல,
கான்ஸ்டபிளின் முகத்தை.
அவன் சுளித்தால் இவரும் சுளிக்கிறார்.

விரலை வைத்துப் புத்தகத்தை மூடினேன்.
யாரோ என் கைப்பையைத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது.

நான் நெரெய்தா.
துறைமுகக் கிடங்கில் கோகோ தரம் பார்க்கிறேன், பத்தொன்பது வருடம்.
நூறு கொட்டையைப் பலகையில் அடுக்கி நெடுக்கே பிளந்து
ஊதாவா பழுப்பா பூஞ்சையா என்று எண்ணுவது
கண்ணின் வேலை.
புகை ஏறியதா, புளித்ததா,
டீசல் டின் பக்கத்தில் கிடந்ததா
இதெல்லாம் மூக்குக்கு.
என் மூக்கு அந்த ஏப்ரலிலிருந்து
முகத்துக்கு அழகாக மட்டும் இருக்கிறது.

சவப்பெட்டிக்கு ஊரே அலைந்த நேரம்.
உயிர் தங்கியிருக்க, மூக்குக்கா அழுவது?
சொல்லவில்லை.
பிறகு, சொல்லவேண்டிய நாள்
எப்போது கடந்ததென்று தெரியவில்லை.

எனக்கும் ஒரு கான்ஸ்டபிள் உண்டு: எதிர்மேசை ஹோஃப்ரே.
கொட்டையை உள்ளங்கையில் தேய்த்து முகர்வான்.
அவன் புருவம் ஏறினால் ‘புகை’ என்று எழுதுவேன்.
ஏறாவிட்டால் ‘நன்று’.
நான்கு வருடத்தில் ஒரு புகார் இல்லை.

நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில்
மருந்துக்கடைக்காரரின் விதவை ஒரு சீசாவைத் திறந்து நீட்டுகிறாள்.
ரோஜாத் தைலம், என் கல்யாணத்துக்கு அவர் தந்தது.
சால்தரியாகா கண்ணை மூடி முகர்ந்து
‘அற்புதம்’ என்கிறார்.
சீசாவில் வெறும் தண்ணீர்.

மறுநாள் வின்செஸிலிருந்து லாரி.
ஹோஃப்ரே கொட்டையைத் தேய்த்தான், முகர்ந்தான்.
ஏனோ அன்று மட்டும்
பென்சிலை நான் கையில் எடுக்கவில்லை.
முகத்தையும் துடைத்துவைத்த தட்டுபோல் வைத்துக்கொண்டேன்.

அவன் புருவம் அசையவில்லை.
மறுபடி முகர்ந்தான்.
மேலுதட்டில் வியர்வை.
பார்வை என் முகத்தில்,
பிறகு பென்சிலில்,
பிறகு என் முகத்தில்.

அட பாவி.
நீயுமா.

நடுவில் லாரிக்காரர்
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்.
வழக்கமாக ஒரு நிமிடம், இன்று ஐந்தாகிறது.
வெயிலில்தான் காயவைத்தோம் அம்மா என்கிறார்,
யாரும் கேட்காமலே.

பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன்.
நீங்களே முகர்ந்து பாருங்கள்.

சந்தேகத்தோடு குனிந்தார்.
இரண்டு மேசையிலிருந்தும் நாங்கள்
அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.