நீலத் தாள்

டண்டினோங்கில், எங்கள் தெருவில்,
வருஷத்துக்கு இருமுறை பெருங்குப்பை நாள்.
சோபாக்கள் புல்லில் குந்தியிருக்கும்,
மெத்தைகள் மழையில் ஊறும்.
எழுபத்தோராம் இலக்க வீட்டு வாசலில்
ஒரு கட்டிலின் தலைப்பலகை.
நகத்தால் கீறிப் பார்த்தேன்:
வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் பிளாக்வுட்,
தேன் விட்ட தேநீர் நிறம்.

காரின் மேல் அதைக் கட்டிக்கொண்டே
தயாபரன் கேட்டார்:
பல் செய்கிறவளுக்குப் பலகை எதற்கு?
யுக்குலேலி செய்ய, என்றேன்.
கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.
எங்கள் வீட்டில் விவாதம் அவ்வளவுதான்.

பலகையின் பின்புறம் ஆணியால் கிறுக்கியிருந்தது
க்ளென் என்று, முதல் எழுத்து இடம் வலம் மாறி.
யாரோ ஒரு க்ளென்.
தூக்கம் வராத ஒரு க்ளென்.
அந்தப் பக்கத்தில் நான் கை வைக்கவில்லை.
மறுபக்கத்திலிருந்தே இழைத்து இழைத்து
இரண்டரை மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தேன்.
கீறலின் அடிக்கும் காற்றுக்கும் நடுவே
சில தாள் கனம் மரம்.

விலா வளைப்பதுதான் பாடு.
செப்புக் குழாய்க்குள் காஸ் நெருப்பு,
குழாயின் மேல் நனைத்த மரம்,
சீறும், வேகும்,
இடுப்பு வளைவில் சின்னதாய் ஒரு சத்தம் வரும்.
அதற்கு முன்னால் நிறுத்தத் தெரிந்தவருக்கு விலா.
எனக்கு விறகு.
முதலாவது போனது. இரண்டாவதும்.
மூன்றாவதை நான் அவசரப்படுத்தவில்லை;
சோம்பலைத் தவிர வேறெதையும் முறிக்காமல்
அது வளைந்து கொடுத்தது.

பசை காயும்வரை பிடித்திருக்க
கொடியிலிருந்த கிளிப் எல்லாம் கராஜுக்கு வந்தது.
எண்ணினேன், அறுபத்துநான்கு.
அந்த வாரம் எங்கள் உடுப்பெல்லாம்
வேலியில் கிடந்து காய்ந்தது.
வியாழக்கிழமைக் காற்று தயாபரனின் சாரத்தை
அடுத்த வீட்டு எலுமிச்சைக்குக் கட்டிவிட்டது.

நாலு நைலோன் தந்தி.
பருமன் ஒழுங்காய்க் குறைந்துகொண்டு போகும் என்று நினைத்தேன்.
இல்லை, மெல்லியது ஒன்று முன்னால் நிற்கிறது,
குடும்பப் படத்தில் முண்டியடித்த கடைக்குட்டி போல.
ஐந்தாம் கட்டையில் விரல் வைத்தால்
ஒரு நறநறப்பு.

நறநறப்பு எனக்குத் தெரிந்த பாஷை.
லாப்பிலிருந்து நீலத் தாள் கொண்டுவந்தேன்,
மேல்பல் எங்கே கீழ்ப்பல்லை முட்டுகிறது என்று
காட்டிக்கொடுக்கும் தாள்.
தந்தியைத் தளர்த்தி, தாளை விரித்து,
மேலே இரும்புக் கோலை அழுத்தினேன்.
ஐந்தாவது நிரபராதி.
ஆறாவதின் நெற்றியில் நீலப் பொட்டு.
அராவினேன். அப்படியே
ஒரு கடைவாய்ப் பல்லை அராவுவது போல.

அன்றிரவு இரண்டு மணிக்கு வெடித்தது.
தயாபரன் கிரிக்கெட் மட்டையோடு முன்னால்,
நான் டோர்ச்சோடு பின்னால்.
கள்ளன் இல்லை.
பாலம் பிய்ந்து
நாலு தந்தியிலும் தொங்கிக்கொண்டிருந்தது.
வார்னிஷைச் சுரண்டாமல் பசை பூசியிருக்கிறேன்.
வழுவழுப்பில் எதுவும் ஒட்டாது:
இதையே லாப்பில் நாள் முழுக்கச் செய்கிறவள்
வீட்டில் மறந்துவிட்டாள்.
மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு
அவர் சிரிக்கத் தொடங்கினார்,
விடியும்வரை, விட்டு விட்டு.

இப்போது பாலம் நிற்கிறது.
எனக்கு ஒரேயொரு கோர்ட் தெரியும், சி.
அதற்கு ஒற்றை விரல் போதும்.
துளைக்குள் எட்டிப் பார்த்தால்
செய்தவர் பேர் ஒட்டவேண்டிய இடத்தில்
க்ளென்.
நான் தட்டும்போது அவன் பேரும் அதிர்கிறதா,
தெரியாது. விரல் அவ்வளவு தூரம் எட்டாது.

தலைப்பலகையில் இன்னும் ஒரு முழம் மிச்சம்.
நேற்று வேலையால் வரும்போது தயாபரன்
உடுப்புக் கிளிப் இரண்டு பாக்கெட் வாங்கிவந்தார்.
ஒன்றைக் கொடியில் மாட்டினார்.
மற்றதை
கராஜ் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.